நுரைத்த அன்னாசி

இந்தத் தீபாவளிக்கு எங்கள் ஈப்போ வீட்டில் பீர் கிடையாது என்று நானே அறிவித்துவிட்டேன். தம்பி குணா குடியை விட்டபின் வரும் முதல் தீபாவளி. கோப்பெங்கிலிருந்து மனைவி தேவியோடு காலைப் பசியாற வருகிறான். அவனும் எல்லாரோடும் சேர்ந்து கிளாஸைத் தூக்கட்டும் என்று, இரண்டு நாள் முன்பே அன்னாசியைத் தோலோடு நறுக்கி, சீனியும் பட்டையும் போட்டு ஊறவைத்தேன். ஐஸ்பெட்டி முழுக்க இறைச்சி. அதனால் ஜாடி அடுப்படி வெக்கையிலேயே கிடந்தது.

காலையில் பார்த்தால் பொன் நிறம், ஓரமெல்லாம் நுரை. என்ன அழகு என்று பூரித்து, முதல் கிளாஸை அவனிடமே நீட்டினேன்.

வாயருகே கொண்டுபோனவன் நிறுத்தினான். முகர்ந்தான். இழுத்த மூச்சை விடவேயில்லை. தேவி தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா, இது புளிச்சிருச்சுலா. குடிச்சா போதை ஏறும்.”

“ஐயோ குணா, சத்தியமா தெரியாதுடா!”

“அட, விடுக்கா. இத்தன வருசம் குடிச்சதுக்கு மூக்காச்சும் மிஞ்சிச்சே.”

கிளாஸைக் கீழே வைத்தான். ஜாடியைத் தூக்கிப்போய்த் தொட்டியில் அவனே கவிழ்த்தான். கடைசிச் சொட்டுவரை நிறுத்தவில்லை. பிறகு எலுமிச்சையைப் பிழிந்து, ‘ஆசாம் போய்’ எனும் உப்பிட்ட உலர் பிளம் பழம் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கலக்கி ஊற்றினான்.

அந்த வாடை மூக்கில் ஏறிய பின்னும் கிளாஸைக் கீழே வைத்த கை அது. அதைவிடத் துணிச்சலான ஒன்றை நான் நேரில் கண்டதில்லை.

அவன் கலக்கியதில் சீனி கொஞ்சம் குறைவுதான். மறுபடி மறுபடி வாங்கிக் குடித்தேன்.