ஒன்பதாம் வகுப்பு மேசை

ஸ்மரண்டா டீச்சரின் இருபத்தாறு வருட வேலையில், கணித ஒலிம்பியாடின் தேசியச் சுற்றுக்குப் போன பிள்ளை என்று ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமைதோறும் வேதியியல் கூடத்தில் காசு வாங்காமல் கணக்கு வட்டம் என்று ஒரு தனி வகுப்பு நடத்துவார். அன்று குளிருக்கு அடுப்பு எரிவது அந்த ஓர் அறையில்தான். செப்டம்பரில் ஒன்பது பேர் வருவார்கள், டிசம்பரில் நாலு பேர். பனி கொட்டினால் ஒன்று. அந்த ஒன்று இந்த வருடம் இலின்கா, ஒன்பதாம் வகுப்பு.

இலின்காவின் அப்பா தோதெர் சந்தையில் ஆட்டுப்பால்கட்டி, அதாவது சீஸ், விற்கிறவர். அம்மா இத்தாலியில் முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளப் போய் இரண்டு வருடம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் தோதெர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"தேசியச் சுற்றுக்கு இவ போயிட்டா நகரத்துப் பள்ளிக்கூடம் ஹாஸ்டலோட எடுத்துக்கும்னீங்க. சரி, அப்ப இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா ஈஸ்டருக்குக் கடையை மூடிட்டு நாங்க ரெண்டு பேரும் அவ அம்மாகிட்டப் போறோம் டீச்சர். அங்க போய் எந்த மொழியில கணக்குப் போடுவாளோ, தெரியல."

மார்ச்சில் மாவட்டச் சுற்று நடந்தது. காலையில் பிள்ளைகள் எழுதினார்கள். மதியம் உடற்பயிற்சிக் கூடத்தில் மேசை போட்டு ஆசிரியர்கள் திருத்தினார்கள். எந்த வகுப்பில் தன் பள்ளிப் பிள்ளை எழுதியிருக்கிறதோ அந்த வகுப்பைத் தொடக்கூடாது என்பது விதி. அதனால் டீச்சருக்குப் பத்தாம் வகுப்பு. இரண்டு மேசை தள்ளி ஒன்பது. தாள்களின் மேல் மூலையை மடித்து, பெயர் தெரியாதபடி ஒட்டி, முத்திரை குத்தியிருந்தார்கள்.

"இங்க பாருங்க, ஒருத்தன் முக்கோணத்து மூலைக்கு மூலை எடைக்கல் தொங்கவிட்டிருக்கான்," என்றார் கோர்னேல், ஒன்பதாம் வகுப்பு மேசையிலிருந்து. "கணக்குப் பேப்பரா, சந்தைக் கடையா?"

"பால்கட்டி கிலோ என்ன விலைன்னு கேளுங்க," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

மேசையே சிரித்தது. டீச்சரின் பேனா நின்றுவிட்டது. மாவட்டத்தில் வேறு எந்தப் பிள்ளையும் அப்படி எழுதாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் தராசைப் பிடித்த பிள்ளை இலின்கா. மூலைகளிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குப் போகும் மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும் என்று காட்ட வேண்டும்; மூன்று மூலையிலும் தகுந்த எடை வைத்தால் அவை சமன்புள்ளி வழியாகத்தான் போயாக வேண்டும். வட்டத்தில் அவள் இப்படிப் போட்டுக் காட்டியிருக்கிறாள்: நிரூபணம் நாலே வரி. சரியான நாலு வரி.

"விடைக்குறிப்புல வெக்டார் முறைதானே இருக்கு. படத்துக்கு ரெண்டு மார்க் போடு," என்றார் கோர்னேல்.

"ஏழுக்கு ரெண்டா?"

"அதுவே தாராளம்."

டீச்சர் எழுந்துவிட்டார். "கோர்னேல், அதை நான் ஒரு தடவை பாக்கட்டுமா? எடை வெச்சுப் பண்ற முறைன்னு ஒண்ணு இருக்கு."

திருத்தும் குழுவின் தலைவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "டீச்சர், ஒன்பதாவதுல உங்க பிள்ளை எழுதியிருக்கா?"

"ஒருத்தி எழுதியிருக்கா."

"இது அவ தாளா?"

ஆமாம் என்றால் அடையாளம் வெளிப்பட்ட தாள். அவள் போட்ட நாலு கணக்கும் செல்லாது. இல்லை என்றால், பிறகு எதற்கு நிற்கிறீர்கள் என்பார்.

"மூலை ஒட்டியிருக்கே. எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப உக்காருங்க."

"விடுங்க ஸ்மரண்டா, இது ஆறிடப்போகுது," என்று கோர்னேல் உப்பு தூவிய வளைய ரொட்டி ஒன்றை நீட்டினார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. டீச்சர் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டது பல நாள் உறுத்தியது.

மறுநாள் கண்ணாடிக் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். ஒன்பதாம் வகுப்பில் தேசியச் சுற்றுக்கு மாவட்டத்துக்கு ஓர் இடம்தான். மூன்று மார்க் வித்தியாசத்தில் இலின்கா இரண்டாவது; முக்கோணக் கணக்குக்கு நேரே ஏழுக்கு இரண்டு.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க," என்றார் மகளோடு வந்திருந்த தோதெர். "இவ எழுதினது சரியா, தப்பா?"

"இவ சொல்றபடி எழுதியிருந்தா சரி."

"அப்ப அஞ்சு மார்க் எங்க போச்சு?"

டீச்சர் முறையீட்டுப் படிவத்தைக் கொடுத்தார். இலின்கா தன் கையால் நிரப்பினாள், அப்பா கையெழுத்துப் போட்டார். இரண்டாம் நாள் பதில் வந்தது: மதிப்பெண்ணில் மாற்றமில்லை. காரணம் எழுதும் வழக்கமில்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இலின்கா வட்டத்துக்கு வந்தாள், புத்தகங்களைத் திருப்பித் தர. அடுப்புப் பக்கம் நின்றபடி கேட்டாள்.

"டீச்சர், அன்னைக்கு நீங்க உள்ளதானே இருந்தீங்க?"

"பத்தாம் வகுப்பு மேசையில."

"ரொம்ப தூரமா?"

"இல்லம்மா," என்றார் டீச்சர். "பக்கத்துலதான்."