பூசணிப் பூ நிறத்துத் தோல்

எனக்குப் பழிவாங்கும் குணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் என் பேனா நிப்பை உடைத்தவளோடு இன்று வரை நான் பேசுவதில்லை. அவள் எங்கள் தெருவுக்கே வாக்கப்பட்டு வந்து, தினமும் தண்ணீர்க் குழாயடியில் எதிரே நிற்கிறாள். நிற்கட்டும்.

ஆனால் இருப்பதிலேயே பெரிய பழி ஒன்றைத் தீர்க்க வழியில்லாமல் இருந்தேன். ஆம்பூருக்கு வெளியே எங்களுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. நான் பிறப்பதற்கு முன்பே தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, கிணறும் உப்பு, நிலமும் உப்பு. வெயில் காலத்தில் வரப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அப்பா அதில் என்னென்னவோ போட்டுப் பார்த்தார். கடைசியாகப் போட்டது பூசணி. அதுவும் கொடி ஓடாமல் கருகியது. அடுத்த வருடம் அவரும் போய்விட்டார். யாரைப் போய்க் கேட்பது? எந்த ஷாப்புத் தண்ணீர் எந்த ஊற்றில் கலந்தது என்று யாருக்குத் தெரியும்? போதாததற்கு நானும் தோலை நம்பித்தான் சோறு தின்கிறேன். ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. இடது காலுக்கு வெட்டிய தோலும் வலது காலுக்கு வெட்டிய தோலும் ஒரே நிறமா என்று பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பாலாற்றில் வெள்ளம் வந்து போன பிறகு கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்கிற மாதிரி ஆனது. நான் இரண்டு வருடம் தழையுரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூ வருவதற்குள் மடக்கி உழுதேன். மண் கொஞ்சம் கறுத்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பாகாயத்தில் இருக்கும் அண்ணன் வந்து நின்றான். நிலத்தை பிளாட் போடுகிறவர்களுக்கு விற்க ஆள் பிடித்துவிட்டான். இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் என் கையெழுத்தும் வேண்டும்.

"உப்பு நெலத்துல இன்னா விளையும்? அப்பாவே முடியாம உட்டுட்டு போய்ட்டாரு. கையெழுத்து போடு."

அப்பாவை இழுத்ததும் எனக்குச் சுருக்கென்றது. கார்த்திகை தீபத்துக்குள் இந்த நிலத்தில் ஒரு பூசணிக்காய் காட்டுகிறேன், காட்டினால் நீ விற்கிற பேச்சை எடுக்கக் கூடாது, காட்டாவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். அந்தச் சிரிப்பையும் நான் மறக்கவில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். தேடித்தான் விதைத்தேன். எட்டுக் குழியிலும் விதை இலை விரிந்தது. நான்காம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் எல்லா இலையும் சல்லடை. ஒவ்வொன்றின் மேலும் மைசூர் பருப்பு நிறத்தில் வண்டுகள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. அப்பாவுக்கு உப்பு, எனக்கு இதுவா என்று அங்கேயே அழுதேன். அழுது முடித்த பிறகு மனசுக்கு ஒன்று பிடிபட்டது. உப்பை அடிக்க முடியாது. இதை அடிக்கலாம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று கேட்பீர்கள். எய்தவன் கையில் கிடைக்காதபோது அம்பையாவது ஒடிக்க வேண்டாமா?

மறுபடி விதைத்தேன். கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால், இலையில் பனி இருக்கும்போதே போய்விடுவேன். அந்த நேரத்தில் வண்டு மந்தமாக இருக்கும், பறக்காது. பழைய பால் தூக்கில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டி விடுவேன். சிலதை வேண்டுமென்றே நகத்தில் வைத்துப் பேன் குத்துவது போலக் குத்துவேன். இது அப்பாவுக்கு, இது அந்தச் சிரிப்புக்கு என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். கம்பெனியில் பக்கத்து டேபிளில் உட்காரும் பேரணாம்பட்டு சிநேகிதி, என் விரலில் ஏதோ நாற்றம் என்று நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு அது மணமாக இருந்தது.

கொடி ஓடியது. பூவும் வந்தது. வண்டு பூவையும் விடாமல் அரித்தது. மஞ்சளைக் கண்டால் அது தேடி வருகிறது என்று கவனித்தேன். எனக்கு வேறென்ன வேண்டும்? ஒரு பூவைப் பறித்து டிபன் பாக்ஸில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டு போனேன். கழித்துப் போட்ட மஞ்சள் லைனிங் தோல் துண்டுகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பூவின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழு மஞ்சள் இருந்தது. ஆறைத் தள்ளினேன். ஏழாவது அப்படியே பூசணிப் பூ. அதைக் குச்சிகளில் இழுத்துக் கட்டி, விளக்கெண்ணெயைக் கெட்டியாகத் தடவி, பூக்களுக்கு நடுவே பூவின் உயரத்திலேயே நட்டேன். மறுநாள் வண்டுகள் ஒட்டிக்கொண்டு காலை உதறிக்கொண்டிருந்தன. குந்தி உட்கார்ந்து ரசித்தேன். அன்றைக்கு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

பதினைந்து நாள் தினமும் எண்ணெய் தடவினேன். வண்டு கம்மியானது. ஆனால் காய் பிடிக்கவில்லை. பெண்பூவின் அடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு இருக்கும், இரண்டு நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழும். ஒன்று விடாமல் விழுந்தது. உப்புதான் என்று நினைத்தேன். அண்ணன் சொன்னதே சரியாகிவிட்டதோ? சிநேகிதியிடம் போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். அவள் வீட்டில் பூசணி போடுகிறவர்கள். பிஞ்சைப் பார்க்காமல் தோலைத்தான் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"தேனீயெல்லாம் இதுல ஒட்டிக்கினு கீது பாரு. அப்புறம் எப்படிடி காய் புடிக்கும்?"

பார்த்தேன். வண்டுகளுக்கு நடுவே தேனீக்கள். தினமும் அதே தோலில் எண்ணெய் தடவிய எனக்கு, வண்டைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. வேறு யாராவது என்றால் ஏதோ ஒரு மஞ்சள் அட்டையை ஓரமாக நட்டிருப்பார்கள். நான்தான் தேனீயும் பூவென்று நம்பும் அளவுக்கு நிறம் பார்த்துச் சேர்த்தேன். அப்பாவின் நிலத்துக்குள் இந்த முறை தோலைக் கொண்டு வந்து போட்டவள் நானே.

அன்றைக்கே எல்லாக் குச்சியையும் பிடுங்கினேன். மறுநாளிலிருந்து தேனீ வேலை என்னுடையது. சிநேகிதி சொன்னபடி, விடிந்ததும் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, உள்ளே இருக்கும் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே தடவினேன். வண்டை நசுக்கிய அதே விரல்தான். பயந்து பயந்து தொட்டேன். நாலு பூவில் மூன்று பிஞ்சு விழுந்தது. ஒன்று நின்றது. அதற்கு அடியில் வைக்கோல் போட்டு, மேலே என் பழைய துப்பட்டாவைப் போர்த்தினேன்.

தீபத்தன்று அண்ணன் பத்திரக் கவரோடு வந்தான். நிலத்துக்குக் கூட்டிப் போய்த் துப்பட்டாவை எடுத்தேன். அவன் குனிந்து காயைத் தட்டிப் பார்த்தான். பிறகு கவரை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். எனக்கு அது போதவில்லை. காயை அறுத்துக்கொண்டு வந்து பொரியல் செய்து அவனுக்கு இலை போட்டேன். ஒரு வாய் வைத்தான்.

"உப்பே இல்லியே."

"உப்பு நெலத்துக் காய்தானே. தனியா எதுக்குன்னு போடல."

எத்தனை மாதமாக வைத்திருந்த வார்த்தை. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எதிர்த்துப் பேசுவான் என்று காத்திருந்தேன். அவன் உப்பு ஜாடியைக் கேட்கவில்லை. உப்பில்லாத பொரியலை இலையில் ஒன்று மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வை என்றான். வைத்தேன்.

"அப்பா இதத் துன்னுட்டு செத்திருக்கலாம்" என்றான், தலையைத் தூக்காமல்.

உப்பு ஜாடியை எடுத்து நானே அவன் இலைப்பக்கம் நகர்த்தி வைத்தேன்.