முத்தையாவின் தகரமும் எங்கள் பெரட்டு மணியும்

எழுபதுகளின் கடைசியில் ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிராணி, கணக்கு எழுதுபவன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லயத்துக்கு மேலே, வேலிக்கு அந்தப் பக்கம், முத்தையாவின் முட்டைக்கோசுத் தோட்டம். அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் தேக்கிய குளத்து மண் எங்கள் ஓடையை அடைக்கிறது என்பது எங்கள் புகார். எங்கள் மாடுகள் அவர் கோசை மேய்கின்றன என்பது அவர் புகார். நான்கு வருடமாகப் பேச்சு கிடையாது, ஏச்சு மட்டும்தான்.

ஒரு மழைக்காலத்தில் அவர் குளத்துக் கரை வெடிப்பு விட்டது. உடைந்தால் ஓடையோரப் பன்னிரண்டு வீடுகளும் போய்விடும். மூன்றாவது வீட்டில் என் மனைவியும் கைக்குழந்தையும். முத்தையாவே வேலியோரம் வந்தார்.

"கிராணியாரே, சண்ட அது பாட்டுக்கு இருக்கட்டும். கர ஒடையிற மாதிரி இருந்தா நான் தகரத்த தட்டுறேன். நீங்க சனத்த மேல ஏத்துங்க லா."

"ஒங்க தகரத்துக்கு எங்க ஆளுங்க அசைய மாட்டாங்க. நான் பெரட்டு மணிய அடிக்கிறேன்," என்றேன், வீம்பாக.

ஞாயிறு மதியம் ஒத்திகை. அவர் தட்டினார், நான் மணி அடித்தேன். மொத்த லயமும் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக் களத்தில் வரிசையாக வந்து நின்றது. தினமும் காலையில் அந்த மணிக்கு ஆள் கணக்குக் கொடுத்துப் பழகிய கால்கள். களமோ ஓடைக்கரையில்.

"ஞாயித்துக்கெழமையுமா வேல?" என்றாள் கொழுந்து பறிக்கும் பாப்பாத்தி.

மேலே முத்தையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லா அடுக்கி வச்சிட்டீங்க. தண்ணிக்குத் தேடுற வேல மிச்சம்."

எனக்கு மானமே போயிற்று. அன்றோடு மணியை விட்டோம், தகரம் மட்டும்தான். ஏறி நிற்க மேடான இடம் அவர் தோட்டம் ஒன்றே. அவரே வேலியை வெட்டி வழி விட்டார். நிபந்தனை ஒன்று: கோசை மிதிக்காமல் வரப்பில் ஓட வேண்டும்.

மூன்றாம் வாரம், பறித்த கொழுந்தை எடை போட்டு முடிந்த நேரம், தகரம் கேட்டது. எங்கள் பக்கம் நல்ல வெயில், மழை மேலே மலையில்தான்.

"மனுசன் வெளையாடுறாரு," என்றாள் பாப்பாத்தி. நானும் ஒரு நிமிடம் தயங்கினேன். தட்டுவது நிற்கவில்லை.

"மேல ஓடுங்க" என்று கத்தி எல்லாரையும் கிளப்பினேன். கரை உடைந்து வந்த சேற்றுத் தண்ணீர் ஏழு வீடுகளைக் கொண்டுபோனது. உயிர் ஒன்றும் போகவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு கோசுப் பாத்தியில் உட்கார்ந்து அழுதேன்.

முத்தையா பாத்தி பாத்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "வரப்புல ஓடச் சொன்னேன்ல? மிதிச்சதயாவது ஆக்கித் தின்னுங்க."

தம்பிகளே, சண்டை தீரட்டும், பிறகு பேசலாம் என்று இருந்திருந்தால் எனக்கு மகள் இல்லை. சண்டை கடைசிவரை தீரவுமில்லை. அவர் வெட்டிய வழியாகவே எங்கள் மாடுகள் தினமும் போய் மேய்ந்தன. அவரும் தினமும் வந்து ஏசினார். நான் ஓய்வுபெறும்வரை அந்த வழியை மட்டும் அவர் அடைக்கவில்லை.