முப்பத்தெட்டு அங்குலம்

பொத்தான் என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, துணி ஆலையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கப் போன காலத்தில் வந்த பெயர். வாய்க்குப் பொத்தான் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறாள் என்று உடன் இருந்த பெண்கள் சிரிப்பார்கள். மூன்றாம் மாடியின் பின்கதவில் வேலை நேரம் முழுக்கப் பூட்டுத் தொங்கியது. எட்டு வருஷம் அதைப் பார்த்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிறகு அக்காவோடு சேர்ந்து ஒரு சந்தில் தையல் கடை போட்டு வெளியே வந்துவிட்டாள்.

அவள் வெளியே வந்த மூன்றாம் வருஷம் அந்த மாடி எரிந்தது. நாற்பத்தொரு பெண்கள். பாதிப் பேருடைய காஜாவைப் பார்த்தால் யார் கை என்று அவளால் இப்போதும் சொல்ல முடியும்.

அந்த வழக்கை விசாரித்த நீதிபதிக்குக் கோட்டு தைத்தவள் பொத்தான்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அவர் படம் இருந்தது. பெரிய கடைகள் ஆண்களின் கோட்டைச் சின்னதாக்கித் தந்து அலுத்துப்போய், யாரோ சொல்லி இந்தச் சந்துக்கு வந்தார். "உட்கார்ந்தா கழுத்தை நெரிக்கக் கூடாது, எழுந்தா தொங்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றார். நாலு வருஷமாக வேறு யாரிடமும் துணி கொடுத்ததில்லை.

அன்று அவர் வீட்டில், புத்தக அறையில், பொத்தான் மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தாள்.

"எவ்வளவு?"

"கொஞ்சம்தான் கம்மி, மேடம்."

"பொய் சொல்றப்ப நீ டேப்பைச் சுருட்டுவே. எவ்வளவு?"

"ரெண்டு அங்குலம். போன மாசமும் ரெண்டு."

நீதிபதி நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். மேசையில் வழக்குக் கட்டுகளுக்கு நடுவே மாத்திரை அட்டைகள் கிடந்தன.

"உள்ளே பஞ்சு வச்சுத் தைக்க முடியுமா?"

"முடியும். வேர்க்கும்."

"வேர்க்கட்டும். எனக்கு முடியலைன்னு தெரிஞ்சா, வழக்கை வேற ஆளுக்கு மாத்தச் சொல்லி அன்னிக்கே மனு போட்டுடுவாங்க. முதல்லேர்ந்து விசாரணை. நூத்திப் பத்து சாட்சி, இப்பவே பாதிப் பேர் பயந்து பேச்சை மாத்திட்டாங்க. ஆறு வாரம் போதும் எனக்கு, தீர்ப்பு சொல்லிடுவேன்."

பொத்தான் தலையாட்டினாள். கடைக்கு வந்ததும் அளவு நோட்டை எடுத்து, போன மாதம் எழுதியிருந்த முப்பத்தாறை ரப்பரால் அழித்தாள். மேலே முப்பத்தெட்டு என்று எழுதினாள். இந்த மாதத்துக்கும் அதையே எழுதினாள். அழித்த இடத்தில் காகிதம் மெலிந்து, வெளிச்சத்தில் காட்டினால் விரல் தெரிந்தது.

மூன்றாம் வாரம் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, முகத்தை விட்டு இறங்காத சிரிப்பு. வக்கீல் சங்கத்திலிருந்து வருகிறாராம். கறுப்புத் துணியை மேசைமேல் விரித்தார்.

"மேடத்துக்கு எங்க சங்கம் ஒரு கோட்டு குடுக்குது. அளவு உங்ககிட்ட இருக்குமே?"

"இல்லாமலா!" என்றாள் அக்கா. கடையில் பேச்செல்லாம் அவளுடையது.

"இப்போதைய அளவுல தைங்க. பழைய அளவு வேண்டாம்."

பொத்தான் நிமிர்ந்தாள். துணி கொடுக்க வந்த ஒருவர்கூட இத்தனை வருஷத்தில் இப்படிப் பிரித்துச் சொன்னதில்லை.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கவலையே படாதீங்க சார். என் தங்கச்சி மாசம் மூணு தடவை அவங்க வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறா. எனக்கு ஒரு கிழிசல் தைக்கச் சொன்னா மட்டும் கை வலிக்குதும்பா."

"மூணு தடவையா?" அவர் பொத்தானைப் பார்த்தார். "சின்னதாப் பிடிக்கவா, பெரிசா விடவா?"

மெஷின் சக்கரம் நின்றது.

"விடத்தான்" என்றாள் பொத்தான். "உட்கார்ந்தே பார்க்கிற வேலை. சதை போட்டுட்டாங்க."

"அப்படியா, நல்லது நல்லது."

ஆனால் அவர் பார்வை அவள் கைக்குப் போனது. டேப் முழுவதும் நத்தை ஓடுபோலச் சுருண்டு அவள் உள்ளங்கையில் இருந்தது.

நீதிபதியிடம் சொன்னபோது அவர் படித்துக்கொண்டிருந்த கட்டை மூடினார். "நான் யார்கிட்டயும் ஒரு கைக்குட்டைகூட வாங்க மாட்டேன்னு சங்கத்துக்குத் தெரியும். வந்தது அவங்க இல்லை, ஆலைக்காரங்க ஆளு. நீ வேணும்னா இத்தோட நிறுத்திக்கோம்மா. உன்னைத் தப்பா நினைக்க மாட்டேன்."

"தோள்ல இன்னொரு மடிப்புப் பஞ்சு வைக்கணும், மேடம். கொஞ்சம் திரும்புங்க."

வெள்ளைச் சட்டைக்காரரின் துணியை அவள், சொன்ன பொய்க்கு ஏற்ப, நாற்பது அங்குலத்துக்கு வெட்டித் தைத்தாள். தீர்ப்புக்கு முந்தின நாள் அவர் வந்து வாங்கிப் போனபோது அவள் நூல் வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் மேசையைப் பார்த்தாள்.

"அக்கா, அளவு நோட்டு எங்கே?"

"இங்கதானே இருந்துச்சு? அந்த சார் புரட்டிக்கிட்டிருந்தாரு. போனாப் போகுதுடி. அதுல என்ன புதையலுக்கா வழி எழுதி வச்சிருந்தே?"

பொத்தான் மேசைக்கு அடியிலும் தேடினாள். அந்த மெலிந்த இடம் ஒன்றுதான் நினைவில் நின்றது. வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் போதும், அழித்தது தெரிந்துவிடும்.

மறுநாள் நீதிமன்றத்தில் கடைசி வரிசையில் போய் நின்றாள். எந்த நிமிஷமும் யாராவது எழுந்து ஒரு காகிதத்தை நீட்டுவார்கள் என்று கதவையே பார்த்தாள். நீதிபதி வந்து உட்கார்ந்தார். கோட்டு நிறைந்திருந்தது. இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். முப்பதாவது பெயரில் காகிதம் பிடித்த கை மேசையில் சாய்ந்தது. பஞ்சு வைத்த தோள் மட்டும் சாயவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மீதிப் பதினொன்றையும் வாசித்தார். பின்கதவைப் பூட்டி வைத்தது குற்றம், ஆலை முதலாளிகள் குற்றவாளிகள் என்றார். யாரோ ஒரு தாய் வாய்விட்டு அழுதாள்.

பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வெள்ளைச் சட்டைக்காரர் உள்ளே வந்தார். கையில் மனுக் காகிதம் இருந்தது. தாமதமாகிவிட்டது. அவர் நீதிபதியைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடி, கடைசி வரிசையில் பொத்தானைக் கண்டதும் அங்கேயே பார்த்து நின்றார். அந்தச் சிரிப்பு இப்போதும் இறங்கவில்லை.

அன்று மாலையே நீதிபதியை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

மறுநாள் காலை பொத்தான் கடையைத் திறக்கும்போது வாசற்படியில் அளவு நோட்டு கிடந்தது. முப்பத்தாறை அழித்த இடத்தில் விரல் நுழையுமளவு ஓட்டை. கடைசிப் பக்கத்தில், வேறு யாருடைய கையெழுத்திலோ, புதிதாக ஓர் அளவு இருந்தது. பெயர்: பொத்தான். உயரம், தோள், இடுப்பு, கழுத்து. பக்கத்தில் வந்து யாரும் டேப் பிடித்ததில்லை. தூரத்திலிருந்தே கண்காணித்து எடுத்திருக்கிறார்கள், பல நாளாக.

"யாருடி அது, வாசல்ல என்ன பார்க்கிறே?" அக்கா உள்ளேயிருந்து கேட்டாள்.

"என் அளவு" என்றாள் பொத்தான். சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். டேப் சுருளாமல் தரைவரை தொங்கியது. அதைக் கழுத்தில் சுற்றிப் பார்த்தாள். அரை அங்குலம் தவறு. பென்சிலை எடுத்து அடித்துவிட்டு, சரியான அளவை எழுதினாள்.

"அக்கா, இப்படி உட்காரு" என்றாள். "அந்தப் பின்கதவுப் பூட்டைப் பத்தி இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணை உனக்குச் சொல்லணும். நாளைக்கு நான் இல்லைன்னா நீதான் எல்லார்கிட்டயும் சொல்லணும்."