உள்ளூர் நபர் ஒருவர்

மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போதும், ஆண்டிபட்டி வருவதற்குள் வீரணனுக்குக் கண் சொக்கிவிடும். சொக்கியதும் மலை வரும். எப்போதும் அதே மலை, அதே காலை. முழங்கால் உயரத்துக்கு ஈரப்புல். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி மூடிக் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் பனி ஒரு பக்கமாக விலகும். திராட்சைப் பந்தல்கள் தெரியும், வாழை தெரியும், முல்லையாறு வளைந்து போவது தெரியும், அப்புறம் அவனுடைய போலீஸ் ஸ்டேஷன் தெரியும். வாசலில் துப்பாக்கியோடு ஒருத்தன் பாரா நிற்பான். உற்றுப் பார்த்தால் அது வீரணனேதான். மேலே நிற்கிற வீரணன் கீழே நிற்கிற வீரணனைக் கூப்பிடுவான். குரல் எழும்பாது. "ஆரப்பாளையம் எறங்குங்க சார்" என்று கண்டக்டர் தோளைத் தட்டுவார்.

ஒரே ஆள் ஒரே நேரத்தில் மலையிலும் நிற்பான், ஸ்டேஷன் வாசலிலும் நிற்பான். கனவில் நடந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வீரணனுக்கு இது அரசாங்கக் காகிதத்திலும் நடந்துவிட்டது. அதற்காகத்தான் அவன் மதுரைக்கும் கம்பத்துக்குமாகப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தான்.

1998 ஐப்பசியில் நடந்தது அது. ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளை ஒரு கும்பல் வழிமறித்துக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தது. இரண்டு டிரைவர்களை வெட்டியும் போட்டுவிட்டார்கள். பிடிப்பதற்கென்று ஆறு பேர் கொண்ட ஸ்பெஷல் பார்ட்டி ஒன்று கிளம்பி, விடியற்காலை ஐந்தரைக்கு வீரணன் வேலை பார்த்த மலையடிவார ஸ்டேஷனுக்கு வந்தது. அவர்களுக்கு மலைப்பாதை தெரியாது. வீரணனுக்குத் தெரியும். அவனுடைய ஆத்தா தலைச்சுமையாக ஏலக்காய் இறக்கிய பாதை அது. இடுப்பில் உட்கார்ந்தே ஏறி இறங்கியிருக்கிறான்.

"யூனிஃபார்ம் வேண்டாம், கைலியைக் கட்டிக்கிட்டு வா" என்றார் பார்ட்டி இன்ஸ்பெக்டர். போலீஸ்காரன் ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊருக்கு டியூட்டி போனால் பாஸ்போர்ட் என்று ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். அவசரத்தில் அதை எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஆறு மணிக்கு வீரணன் பாரா ஏற வேண்டும். ராத்திரி பாரா முடிந்து வீட்டுக்குக் கிளம்பத் தயாராக நின்றவர் நல்லகண்ணு அண்ணன். நாற்பத்தெட்டு வயது, சின்னமனூர்க்காரர், குதிகால் வலிக்காரர்.

"ஏலே, நீ போ. நான் நின்னுக்கிறேன்" என்றார்.

நின்றார். ஆறிலிருந்து இரண்டு மணி வரைக்கும் எட்டு மணி நேரம் நின்றார். மணிக்கொரு தடவை பாரா புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஸ்டேஷனில் ஒரு வழக்கம் இருந்தது. நிற்பவன் எவனாக இருந்தாலும் சரி, முறைப்பட்டியலில் யார் பெயரோ அவர் கையெழுத்துத்தான் புத்தகத்தில் விழும். ஒருத்தனுக்கு வயலில் தண்ணீர் முறை, ஒருத்தன் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்தனுக்கு மாமனார் வீட்டில் கிடாவெட்டு. பதினோரு பேர் இருந்த ஸ்டேஷனில் ஒவ்வொருத்தருக்கும் மற்ற பத்துப் பேருடைய கையெழுத்தும் அச்சாக வரும். நல்லகண்ணு எட்டுத் தடவை 'வீரணன்' என்று போட்டார். கடைசியில் சுழிக்கிற அந்த வாலோடு.

மலைமேல் பனி இறங்கிவிட்டது. முன்னால் போகிறவனின் முதுகு தெரியவில்லை. பார்ட்டி ஆட்கள் ஒரு திசையில் போய்விட்டார்கள். வீரணன் மட்டும் பழைய ஏலக்காய் ஸ்டோர் ஒன்றின் பின்னால் வந்து சேர்ந்தான். உள்ளே யாரோ இருமினார்கள். அவன் யோசிக்கவெல்லாம் இல்லை. வெளியே வந்த ஆளை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் உருண்டார்கள். அரிவாள் இடது முன்கையில் இறங்கியது. பிடியை விடவில்லை. மற்றவர்கள் சத்தம் கேட்டு ஓடிவந்து விலங்கு மாட்டியபோது மணி பதினொன்று. காயெடுக்க வந்த ஒரு அம்மாள் முந்தானையைக் கிழித்துக் கையில் கட்டிவிட்டு, "பேடிக்கண்டா மோனே" என்று மலையாளத்தில் பயப்படாதே என்பதாகச் சொல்லிவிட்டுப் பனிக்குள் நடந்து போனாள். அவள் முகம் அவனுக்குச் சரியாக ஞாபகமில்லை. அவள் கையிலிருந்த ஏலக்காய் வாசனை மட்டும் ஞாபகமிருக்கிறது.

பிடிபட்டவன்தான் கும்பல் தலைவன். அவனைப் பிடித்ததற்காக, சீனியாரிட்டி பார்க்காமல் ஒருபடிப் பதவி உயர்வு கொடுத்து அரசாணை வந்தது. ஆறு பேர் பெயர் இருந்தது. வீரணன் பெயர் இல்லை. பார்ட்டியின் அறிக்கையை வாங்கிப் படித்தான். பாஸ்போர்ட்டில் இருந்த பெயர்களைத்தான் அதில் எழுதியிருந்தார்கள். அவனைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: 'உள்ளூர் நபர் ஒருவர் பாதை காட்டினார்.'

சண்டை போட்டவன் எங்கே, பாதை காட்டியவன் எங்கே! வீரணனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயிறெரிந்து மனுப் போட்டான். விசாரணை வைத்தார்கள். மேஜையில் பாரா புத்தகம் விரிந்து கிடந்தது.

"அன்னைக்கு நீ மலையில இருந்தேங்கிற. இங்க எட்டுக் கையெழுத்து இருக்கே, யார் போட்டது?"

உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே ஜெயித்துவிடலாம். ஆனால் அடுத்த நிமிஷம் நல்லகண்ணுவின் தொப்பி கழன்றுவிடும். அரசாங்கப் புத்தகத்தில் பொய்க் கையெழுத்து. சஸ்பென்ஷனில் தொடங்கி எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது.

"என் கையெழுத்துத்தான் அய்யா. ஆறு மணிக்கு முன்னாடியே எட்டையும் போட்டுட்டுப் போயிட்டேன்."

முன்கூட்டியே கையெழுத்துப் போட்டதற்கு ஒரு பிளாக் மார்க் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட ஆளின் பேச்சை நம்ப முடியாது என்று மனுவையும் தள்ளினார்கள். முன்கையிலிருந்த தழும்புக்கு, 'விவசாய வேலையின்போது ஏற்பட்ட காயமாக இருக்கலாம்' என்று எழுதிவைத்தார்கள். அவனுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. பாதை கேட்ட இன்ஸ்பெக்டரும் 2001இல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு ஜில்லாவில் இருந்தார்கள். கேட்டால், "ரெக்கார்டுல என்ன இருக்கோ அதாம்ப்பா" என்றார்கள்.

வீரணன் வழக்குப் போட்டான். சென்னைத் தீர்ப்பாயத்தில் கிடந்த வழக்குக் கட்டு, தீர்ப்பாயத்தையே கலைத்த பிறகு மதுரை ஐகோர்ட்டுக்கு வந்தது. அங்கே தேவயானி என்று ஒரு வக்கீலம்மா கிடைத்தாள். சின்ன வயது, கறாரான பேச்சு. 2005இல் முதல் தடவை கட்டைப் புரட்டியவுடனேயே நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தக் கையெழுத்துல வால் கொஞ்சம் நீளம். உங்களுது குட்டை. நெசமா நீங்க போட்டதா?"

"ஆமா மேடம்."

"ஆய்வுக்கு அனுப்புவோமா?"

"வேணாம் மேடம். வாய்தா வாங்கிருங்க."

வாய்தா வாய்தா என்று நாள் போயிற்று. உடம்பு சரியில்லை, கோயில் பந்தோபஸ்து, தேர்தல் டியூட்டி என்று காரணங்கள் அடுக்கினான். அரசாங்கம்தான் வழக்கை இழுத்தடிக்கிறது என்று ஊரே அரசாங்கத்தைத் திட்டியது. பாவம், அந்த ஒரு தடவை அரசாங்கத்தின் மேல் தப்பே இல்லை. வீரணனின் சட்டைப்பையில் ஒரு தேதி இருந்தது: 2008 ஜூன் 30. அன்றைக்கு நல்லகண்ணு ஓய்வு பெறுகிறார். வேறு ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டு வைத்திருந்தான். ஓய்வு பெற்றுவிட்டால், நாலு வருஷத்துக்கு முந்தைய தப்புக்கெல்லாம் இலாகா பென்ஷனில் கை வைக்க முடியாதாம். அதுவரைக்கும் வழக்கு சாகவும் கூடாது, பிழைக்கவும் கூடாது.

இந்த இடைவெளியில்தான் கனவு முற்றியது. மலைமேல் நிற்கிறவன் வருஷத்துக்கு வருஷம் மங்கினான். கீழே பாரா நிற்கிறவன் துலக்கமானான். பெல்ட்டின் பித்தளைகூட மின்னியது. 'நான்தான் போட்டேன்' என்று அத்தனை தடவை சொன்னதில் நாக்கு பழகிப்போயிருந்தது. ஒரு நாள் மத்தியானம் தூங்கி எழுந்து பெண்டாட்டி ஜோதிலட்சுமியிடம் கேட்டே விட்டான்.

"ஏ புள்ள, நான் நெசமாவே மலைக்குப் போனனா?"

திராட்சைக்குக் கவாத்து வெட்டப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள் அவள். அவன் கையைப் பிடித்துத் தழும்பைத் திருப்பிக் காட்டினாள். "பெறகு இது என்ன, நான் கடிச்சதா? போனதும் நெசம், வந்ததும் நெசம். வந்த பெறகுதான் நீங்க கிறுக்காகிப் போனீக."

நல்லகண்ணு வேறு ஸ்டேஷனுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாப் பந்தோபஸ்தில் வருஷா வருஷம் அவரைப் பார்ப்பான். கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய வடத்தின் இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் அவர். தீச்சட்டிகள் புகைந்துகொண்டு நடுவில் போகும்.

"ஏலே, கேசு எந்த மட்டுல இருக்கு?"

"வாய்தாண்ணே."

"எத்தன வருசம்டா இழுப்பாக? படுபாவிக."

தான் போட்ட எட்டுக் கையெழுத்து அவருக்கு நினைவிலேயே இல்லை. வாழ்நாளில் அப்படி எத்தனை நூறு போட்டிருப்பாரோ! வேப்பிலையும் புகையுமாக அவர் முகம் தெரிந்து மறைவதைப் பார்த்துக்கொண்டு வீரணன் நிற்பான்.

2008 ஏப்ரலில் நீதிபதி கோபித்துக்கொண்டார். இனி வாய்தா கிடையாது, ஜூன் இருபத்திமூன்று கடைசி, அன்றைக்கு வாதாடாவிட்டால் தள்ளுபடி. ஓய்வுக்கு ஒரு வாரம் முன்னால்! வேறு வழியில்லாமல் தேவயானியிடம் உண்மையைக் கொட்டினான். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"பத்து வருஷமா உங்க கேசை நீங்களே தோக்கடிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. அந்த ஒரு வாரம் தாண்டலைன்னா?"

"தோத்துட்டுப் போறேன் மேடம்."

ஜூன் இருபத்திமூன்று அன்றைக்கு அவன் வழக்கு எழுபத்தெட்டாவது. காலையிலிருந்து சுவரோரமாக நின்றான். நாலே முக்காலுக்கு எழுபத்தொன்று முடிந்தது. நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்துவிட்டார். வழக்கு ஜூலைக்குப் போயிற்று. கோர்ட்டில் தன் வழக்கை எடுக்கவில்லை என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்த ஆள் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

ஜூலை முதல் வாரம் சின்னமனூருக்குப் போனான். நல்லகண்ணு வெறுங்காலோடு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீரணன் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

"பத்து வருசமாவா?" அவர் எழுந்துவிட்டார். "ஏலே கிறுக்குப்பயலே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னடா?"

"சொல்லியிருந்தா நீங்க அன்னைக்கே போய் ஒத்துக்கிட்டிருப்பீக."

"ஆமா, ஒத்துக்கிட்டிருப்பேன்."

"அதாண்ணே சொல்லல."

நல்லகண்ணு திரும்பவும் உட்கார்ந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே இருந்த பெண்டாட்டியிடம், "ஏத்தா சோணையம்மா, என் வெள்ளச் சட்டைய எடு. மதுரைக்குப் போகணும்" என்றார்.

தேவயானியின் மேஜையில் அவருக்குக் காகிதம் கொடுத்தார்கள். கண்ணாடியைக்கூடப் போடாமல் எட்டுத் தடவை 'வீரணன்' என்று எழுதினார். பத்து வருஷம் கழித்தும் அதே நீள வால். ஆய்வு அறிக்கை வந்து, எதிர்வாதம் வந்து, 2010 மாசியில்தான் தீர்ப்பு வந்தது. கோர்ட்டில் உண்மையை மறைத்ததற்காக வீரணனுக்கு இரண்டு பத்தி கண்டிப்பு இருந்தது. சாதாரண சீனியாரிட்டியிலேயே அதற்குள் அவன் ஏட்டாகியிருந்தான்; அரசாணை தேதியிலிருந்தே ஏட்டாகக் கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் அவன் காதில் சரியாக ஏறவில்லை. தேவயானி நாலாம் பக்கத்தில் விரலை வைத்து ஒரு வரியைப் படித்துக் காட்டினாள்.

'அறிக்கையில் உள்ளூர் நபர் என்று குறிப்பிடப்பட்டிருப்பவர் இந்த மனுதாரரே.'

"இன்னொரு தடவை வாசிங்க மேடம்" என்றான்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்லகண்ணு ஜன்னலோரத்தை அவனுக்கே விட்டுக்கொடுத்தார். உசிலம்பட்டி தாண்டியதும் வீரணனுக்குக் கண் சொக்கியது. மலை வந்தது. ஈரப்புல், ஏலக்காய் வாசனை, கையில் கிழிந்த முந்தானைக் கட்டு. பனி விலகியது. பந்தல், வாழை, ஆறு, ஸ்டேஷன். வாசலில் துப்பாக்கியோடு ஒருத்தர் பாரா நின்றார். ஒரு குதிகாலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, கால் மாற்றி மாற்றி நின்றார். வீரணன் கூப்பிட்டான். இந்தத் தடவை குரல் வந்தது.

"அண்ணே, மணி ரெண்டாச்சு. எறங்குங்க."

"என்னடா, ஊரு வந்துருச்சா?" என்று பக்கத்து சீட்டில் நல்லகண்ணு விழித்துக்கொண்டு கேட்டார்.