என் வலது பக்கம் நின்றவன்

இது கதை இல்லை. கதையாக இருந்தால் இதில் என்னை நானே இவ்வளவு பெரிய ஏமாளியாகக் காட்டியிருக்க மாட்டேன். நேரங்களை நினைவிலிருந்து சொல்லவில்லை. எல்லாம் போனில் இருக்கின்றன. அந்த இரவு வந்த மெசேஜ்களை இன்னும் அழிக்கவில்லை. இதுவரை மூன்று பேரிடம் காட்டியிருக்கிறேன். இரண்டு பேர் அன்று லைட்டை அணைக்காமல் படுத்தார்களாம். மூன்றாவது ஆள் என் அம்மா. "அந்த மிஷின் சத்தத்த கேக்காதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்" என்று மட்டும் சொன்னார்.

மிஷின் சத்தம் என்று அவர் சொல்வது டெக்னோ. பாடுகிறவர் கிடையாது, பாட்டு வரி கிடையாது. டும் டும் டும் டும்... நிமிடத்துக்கு நூற்று முப்பது அடி. பழகாதவர்களுக்குத் தலைவலி. பழகியவர்களுக்கு வேறு எதுவும் காதில் ஏறாது. நான் உத்திரமேரூர்க்காரன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. பெயர் கன்னியப்பன். "இந்தப் பேர வெச்சிக்கினு நீ டிஜே ஆவப் போறியா?" என்று ஆறு வருடமாக என்னைக் கிண்டல் செய்தவன் மோகன். என் உயிர் நண்பன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கூட்டம் நாற்பது பேரைத் தாண்டாது. போஸ்டர் இல்லை, டிக்கெட் இல்லை. தென்னந்தோப்பு, காலியாகக் கிடக்கும் கோழிப்பண்ணை என்று ஊருக்கு வெளியே ஏதாவது ஓர் இடம். அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வாட்ஸப்பில் லொகேஷன் வரும். வாசலில் ஸ்வேதா நிற்பாள். செங்கல்பட்டுப் பெண், எங்கள் மூன்று பேர் குழுவில் அவளும் ஒருத்தி. உள்ளே வருகிற ஒவ்வொருவர் போனிலும் கேமராவை மூடி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாள். யாரும் படம் எடுக்கக் கூடாது. இருட்டில் ஆடிவிட்டு விடிவதற்குள் போய்விடுவோம்.

மோகனும் நானும் எப்போதும் சேர்ந்துதான் ப்ளே பண்ணுவோம். ஒரே கன்ட்ரோலர். அதில் இரண்டு வட்டத் தட்டு, நடுவில் குமிழ்கள். இடது தட்டு எனக்கு, வலது தட்டு அவனுக்கு. ஒரு ட்ராக் நான், அடுத்த ட்ராக் அவன். என் ட்ராக் முடிகிற நேரத்தில் அதன் பேஸை, அந்தக் கனத்த அடிச் சத்தத்தை, அவன் கை வந்து குறைக்கும். அவனுடையதை நான் குறைப்பேன். இதில் பேச்சே கிடையாது. ஒரு காதில் ஹெட்போன், கண் இரண்டும் குமிழ்கள் மேல். பக்கத்தில் நிற்பவனை நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. வேறு யாராவது வந்து நிற்பார்கள் என்று எவன் நினைப்பான்?

போன தை மாதம், மூன்றாவது சனிக்கிழமை. அன்று சென்னையிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. பெரிய அளவில் இரவுகள் நடத்துகிறவர்கள். பிடித்துப்போனால் எங்களைக் கூப்பிடுவார்கள். ஒன்று முதல் இரண்டரை வரை மோகனும் நானும். அதற்காக மூன்று மாதம் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்காமல் புது ட்ராக்குகள் செய்தேன். ஏரி மதகில் தண்ணீர் விழும் சத்தத்தை ரெக்கார்ட் செய்து அதன்மேல் பீட் போட்டது ஒன்று. அதை மோகனுக்குக்கூடப் போட்டுக் காட்டவில்லை. அன்றைக்கு நேரில் கேட்டு அசந்து போகட்டும் என்று வைத்திருந்தேன்.

அந்த வாரம் மோகன் வாட்ஸப் குரூப்பைக் கலைத்துவிட்டான். "போலீஸ் பேஜார் ஜாஸ்தியா கீது மச்சி. இனிமே ஆளாளுக்குத் தனியாத்தான் லொகேஷன்" என்றான்.

9.12. என் லொகேஷன் வந்தது. காவாந்தண்டலம் தாண்டி, மூடிப்போன ஒரு ரைஸ் மில்.

கூடவே மோகன் போன் செய்தான். "நீ முன்னாடி போயி ரெடி பண்ணிக்கினு இரு. நானு ஜெனரேட்டர ஏத்திக்கினு பின்னாலயே வரேன்."

11.40. மில் வாசலில் பைக்கை நிறுத்தினேன். நெல் காயவைக்கும் களம் முழுக்கப் பனி. இரும்பு கேட்டைத் தள்ளினேன். க்ரீ...ச் என்று அரை ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தியது. உள்ளே கணுக்கால் அளவுக்கு உமி. கால் வைக்கும் இடமெல்லாம் சரக் சரக் என்றது. போனில் சிக்னல் இல்லை. வெளியே வந்து கையைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு கோடு வந்து போனது. மோகனுக்கு அனுப்பிய மெசேஜ் ஒற்றை டிக்கோடு நின்றது.

சரி, ஜெனரேட்டர் வண்டி மெதுவாகத்தானே வரும். மூட்டை எடை போடும் மேடைமேல் கன்ட்ரோலரை வைத்தேன். அது பேட்டரியில் ஓடும். பக்கத்தில் ஒரு சின்ன சார்ஜ் ஸ்பீக்கர். என் பென்டிரைவைச் செருகினேன். பட்டன்களின் சிவப்பு, பச்சை வெளிச்சம் மட்டும்தான். மில் முழுக்க இருட்டு.

12.58. இன்னும் ஒருவரையும் காணோம். கை சும்மா இருக்கவில்லை. முதல் ட்ராக்கைப் போட்டேன்.

டும் டும் டும் டும்...

இரண்டாவது நிமிடத்தில் வலது தட்டின் விளக்கு எரிந்தது. என் வலது முழங்கையில் ஏதோ உரசியது. பக்கத்தில் ஆள்.

எனக்கு என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! "லேட்டுடா எருமை" என்றேன், நிமிராமலே.

மேடைமேல் விரலால் இரண்டு தட்டு. டக்... டக். 'அடுத்தது என் ட்ராக்' என்பதற்கு மோகனும் நானும் வைத்திருக்கும் அடையாளம்.

ப்ளே பண்ணினோம். மோகன் வழக்கமாகப் போடும் ட்ராக்குகள், அவன் வழக்கமாகப் போடும் வரிசையில். ஆனால் மோகன் அவசரக்காரன், பேஸை வெடுக்கென்று திருப்புவான். இன்றைக்கு அந்தக் குமிழ் மெல்ல, அடிக்கு அடி கணக்காக நகர்ந்தது. எனக்குத் தெரியாமல் பயிற்சி எடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். ஆறு வருடத்தில் நாங்கள் அவ்வளவு நன்றாக ப்ளே பண்ணியதே இல்லை. மதகுத் தண்ணீர் ட்ராக்கைப் போட்டபோது எனக்கே கண் கலங்கியது.

"ஜெனரேட்டர் இன்னா ஆச்சு?" என்றேன்.

டக்... டக்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. கேட் கத்தவில்லை.

உமியில் காலடிச் சத்தமும் கேட்கவில்லை.

மோகன் சிகரெட் பிடிக்காமல் கால் மணி நேரம் நிற்க மாட்டான். ஒரு வாசனையும் இல்லை. என் வலது கை மட்டும் முழங்கை வரை சில்லிட்டுப் போயிருந்தது.

நிமிரவில்லை. கண்ணை மட்டும் வலது பக்கம் நகர்த்தினேன்.

பட்டன் வெளிச்சத்தில் என் விரல்கள் தெரிந்தன. வலது பக்கத்துக் குமிழ் திரும்பிக்கொண்டிருந்தது...

அதன்மேல் விரல் இல்லை.

மணி 2.14.

ஓடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். முடித்ததும் நாங்கள் ஒரு காரியம் செய்வோம். கடைசி ட்ராக் அடங்கியதும் திரும்பி ஒருவரையொருவர் கட்டிப்பிடிப்போம்.

பாட்டு நின்றால், அது என் பக்கம் திரும்பும்.

ட்ராக் முடிய முடிய அடுத்ததைப் போட்டேன். என் ட்ராக் தாளம் தப்பியது. அது பொறுமையாகச் சரி செய்தது.

2.27. பென்டிரைவில் ஒரே ஒரு ட்ராக்தான் பாக்கி.

2.29.

டும்... டும்...

நின்றது.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

வலது பக்கத்திலிருந்து...

கட்டிப்பிடித்தது.

ஈரமில்லை. கனமில்லை. குளிர் மட்டும். என் முதுகில் இரண்டு தட்டு.

டக்... டக்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது யாரும் இல்லை. போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கன்ட்ரோலரில் என் பென்டிரைவ் மட்டும் இருந்தது. மோகன் தன் பென்டிரைவைச் செருகும் வலது பக்கத்துத் துளை காலி. உமியில் போகவும் வரவும் ஒரே ஆளின் தடம். என் செருப்புத் தடம்.

கன்ட்ரோலரை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினேன். களத்தின் நடுவில் வந்ததும் சிக்னல் கிடைத்தது. கையில் போன் துடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று... எல்லாம் ஸ்வேதா அனுப்பியவை.

11.52: "எங்கடா இருக்க? எல்லாரும் வந்தாச்சு."

12.10: "உனக்குக் காய்ச்சல், வர மாட்டேன்னு மோகன் சொல்றான். நிஜமா?"

12.31: "போன் எடு. பழையசீவரம், ஆத்தங்கரைத் தோப்பு. இன்னும் நேரம் கீது, வந்துடு."

பயம் அப்புறம்தான். முதலில் வந்தது ஆத்திரம். காவாந்தண்டலத்திலிருந்து பழையசீவரம் போகப் பாலாற்றைத் தாண்ட வேண்டும். இருட்டில் பைக்கில் அரை மணிக்கு மேல் ஆகும். மோகன் தவறுதலாக அனுப்பவில்லை. தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறான். ஆறு வருடம் கூடவே வைத்திருந்து, சென்னைக்காரர்கள் வருகிற அன்றைக்கு என்னை ஒரு பாழடைந்த மில்லில் தள்ளிவிட்டுப் போய்விட்டான். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அந்தக் களத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. சத்தம் போட்டு அழுதேன். பிறகுதான் கீழே இருந்த மற்ற மெசேஜ்களைப் பார்த்தேன்.

1.02: "அப்பாடா, வந்துட்ட. மோகன் மூஞ்சியப் பாக்கணுமே!"

1.50: "டேய், அந்த மதகுத் தண்ணி சத்தம்... எங்கடா புடிச்ச? அழ வெச்சிட்ட."

2.33: "நீங்க ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சத பாத்து மறுபடியும் அழுதுட்டேன்."

2.41: "சென்னைக்காரங்க உன் நம்பர் கேட்டாங்க. குடுத்துட்டேன்."

நான்கு மெசேஜ். நான்கையும் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த ட்ராக் இருந்த பென்டிரைவ் மில்லுக்குள் என் கன்ட்ரோலரில் இருந்தது. வேறு நகல் கிடையாது.

விடிகிற வரை காவாந்தண்டலத்தில் ஒரு டீக்கடை வாசலில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடை திறந்ததும் ஒரு டீ குடித்துவிட்டு நேராக உத்திரமேரூர், மோகன் வீடு. மணி 6.20.

அவனே கதவைத் திறந்தான். சிரித்தான். "இன்னாடா, அதுக்குள்ள எழுந்துட்டியா?"

சட்டையைப் பிடித்தேன். "எதுக்குடா என்ன மில்லுக்கு அனுப்பின?"

சிரிப்பு போய்விட்டது. தலையைக் குனிந்தான். "ஒரே ஆளத்தான் கூப்புடுவோம்னாங்க மச்சி. நீ வந்தா உன்னத்தான் புடிக்கும். எனக்குத் தெரியும். தப்புதான். அதான் நைட்டே உன் கால்ல வுழாத கொறயா மன்னிப்பு கேட்டுட்டேனே. நீயும் சரின்னிட்டியே."

"நான் சொல்லல."

"கட்டிப்புடிச்சிக்கினு சொன்னியேடா."

போனைக் காட்டினேன். ஸ்வேதாவின் மெசேஜ்கள் எல்லாம் 2.44க்குத்தான் எனக்கு வந்து சேர்ந்திருந்தன. நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. என் பேன்ட் முழுக்க ஒட்டியிருந்த உமியைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ... வரவே இல்லியா?"

"இல்ல."

உள்ளே அவன் அம்மா டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. அவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

"மன்னிச்சிடுன்னு கேட்டேன்டா. தலையக்கூட நிமித்தாம, காதுகிட்ட வந்து ஒண்ணு சொன்ன. போதையில ஒளறுறன்னு நெனச்சேன். மில்லப் பத்தி நானு ஒரு ஆள்கிட்டயும் மூச்சு வுடல, ஸ்வேதாகிட்டகூட..."

"இன்னா சொன்னேன்?"

காதிலிருந்து கையை எடுத்தான்.

"'நான் மன்னிச்சிட்டேன் மோகன். மில்லுல நிக்கிறான் பாரு, அவன்தான் உன்ன மன்னிக்க மாட்டான்'னு."

அது என்ன என்று எனக்குத் தெரியாது. எதற்காக வந்தது என்றும் தெரியாது. ஆனால் அது பொய் சொல்லவில்லை. நேற்று இரவும் மோகன் போன் செய்தான். மணி 1.00. நான் எடுக்கவில்லை.