புள்ளிக்காரரின் சுட்டுவிரல்

இருபத்திரண்டு வருஷம் ஒரே விரலை வைத்துப் பிழைத்த மனிதர் அவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் புடைப்புப் புள்ளியில் பாடப்புத்தகம் அடிக்கும் அச்சகத்தில் பிழை பார்க்கும் வேலை. எதிரே ஒரு பெண் மூலப் பிரதியை உரக்க வாசிப்பாள். இவருடைய வலது சுட்டுவிரல் தாளின் புள்ளிகள்மேல் ஓடும். தாளும் குரலும் ஒத்துப்போகாத இடத்தில் "நிறுத்து" என்பார். இவருக்கு அங்கே புள்ளிக்காரர் என்று பெயர், அவளுக்கு ரேடியோ. பெயர் பொருத்தம்தான், என்ன, அந்த ரேடியோவை அணைக்கத்தான் திருகு கிடையாது.

அந்த விரல் நுனியில் போய் ஒரு மரு முளைத்தது. உடம்பில் வேறு இடமா இல்லை? முதுகில் வந்திருந்தால் ஏனென்று கேட்க ஆளில்லை. முதலில் மிளகளவு. பிறகு சுற்றிலும் தோல் தடித்து, ஆறு புள்ளி இருக்கும் இடத்தில் நாலுதான் தட்டுப்பட்டது. விரல் போனால் இவர் யார்? விஷயம் வெளியே தெரிந்தால் நாளைக்கே அந்த நாற்காலியில் வேறு ஆள்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சவரப் பிளேடால் சீவினார். ரத்தம் நின்றதும் மறுநாளும் சீவினார். மிச்சத்தைப் பல்லால் கடித்தார். ஒரு மாதத்தில் ஒன்று இருந்த இடத்தில் மூன்று. போதாக்குறைக்கு இடது சுட்டுவிரலிலும் ஒன்று. இருந்த இன்னொரு விரலையும் தானே கெடுத்துக்கொண்டார் பாவி மனிதர்!

மனைவிதான் கண்டுபிடித்து, தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"இது ஒரு வைரஸ்ங்க," என்றார் டாக்டர். "தோல்ல சின்னக் கீறல் கிடைச்சாப் போதும், உள்ள பூந்துரும். நீங்க சீவிச் சீவி அதுக்கு வழி போட்டுக் குடுத்திருக்கீங்க."

"சுட்டு எடுத்துருங்க டாக்டர். எவ்வளவு வலிச்சாலும் பொறுத்துக்கறேன்."

"வலி பெருசில்ல. நுனியில தழும்பு விழுந்தா அந்த இடம் மரத்துப் போயிடலாம். அப்புறம் எதை வச்சுப் படிப்பீங்க? தினம் வெந்நீர்ல ஊற வைங்க, வெளுத்த தோலை மெதுவாத் தேய்ங்க, மருமேல மட்டும் இந்த மருந்தை விடுங்க. தேய்க்கற கல்லும் துண்டும் உங்களுக்குன்னு தனியா வச்சுக்குங்க. மூணு மாசம் பிடிக்கும். அதுக்கு மேலயும் ஆகலாம்."

"மூணு மாசமா! நாலாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இந்த மாசம் போகணுமே."

"அப்ப லீவு போடுங்க."

சொல்ல எவ்வளவு சுலபம்! மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் போய்விட்டார். விரலில் புள்ளியும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை. ரேடியோ வாசிக்க வாசிக்க "உம், உம்" என்றார். சந்தேகம் வராமலிருக்க, நாளுக்கு ஒருமுறை சும்மா "நிறுத்து" என்று சொல்லிவிட்டு, "சரிதான், மேல போ" என்பார்.

"என்னண்ணா, இந்தத் தடவை தப்பே காணோம்?"

"மெஷின்காரன் திருந்திட்டான் போலிருக்கு தங்கச்சி."

புத்தகம் பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டது.

டாக்டர் சொன்னபடி ஒருநாள் விடாமல் மருந்து போட்டார். நான்காவது மாதம் இடது விரலில் இருந்த மரு உதிர்ந்து, தோல் பழையபடி மெத்தென்று ஆனது. வலது விரல் இன்னும் அப்படியே இருந்தது. ஆனாலும் ஒரு விரல் கிடைத்ததே! மனிதருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்று மேஜைமேல் ஒரு கடிதம் இருந்தது. புள்ளியில் எழுதி வருவதெல்லாம் இவரிடம்தான் வரும்.

"சத்தமாப் படிங்கண்ணா. எப்பவும் நானே தொண்டை வத்தணுமா?" என்றாள் ரேடியோ.

பழக்கமில்லாத இடது விரலால் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"வணக்கம். நான் நாலாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடத்தில் புள்ளி படிப்பவள் நான் ஒருத்திதான். கணக்குப் புத்தகத்தில் எனக்கு மட்டும் எண்கள் தப்புத் தப்பாக வருகின்றன. என் விரலில்தான் கோளாறு என்கிறார்கள். தினமும் சுவரில் தேய்க்கிறேன். தோல் உரிந்துவிட்டது. இன்னும் சரியாகவில்லை. விரல் நன்றாக ஆக என்ன செய்ய வேண்டும்?"

வாழ்நாளில் முதல் தடவையாக ரேடியோ வாயை மூடிக்கொண்டிருந்தாள். மெதுவாக அவர் கையை இழுத்து, வலது விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயோ அண்ணா... அந்தப் புத்தகத்தை நீங்க படிக்கவே இல்லையா?"

"ஒரு பக்கம்கூட இல்ல தங்கச்சி."

"மேனேஜருக்குத் தெரிஞ்சா வேலை போயிருமே!"

"போகும். இதை முடிச்சுட்டு நானே போய்ச் சொல்றேன். முதல்ல புள்ளித் தட்டச்சு மெஷினை இப்படித் தள்ளு."

தாளை ஏற்றினார். அந்தக் குழந்தைக்கு முதல் வார்த்தையாக, இருபத்திரண்டு வருஷமாக ரேடியோவிடம் சொல்லிவந்த அதே வார்த்தையை அடித்தார்.

"நிறுத்து. உன் விரல் நன்றாக இருக்கிறது. புத்தகம்தான் தப்பு."